ஊசியை ஏற்றும் முன்: ஆன்டிபயாடிக், ஆன்டிவைரல் மருந்துகள் பற்றி காவிரி டெல்டா நர்சிங் மாணவர்கள் கேட்ட கேள்விகள்

முப்பது வருஷத்துக்கு மேல் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் வார்டு டியூட்டி பார்த்தவள் நான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். அந்த நோட்டிலிருந்து எடுத்தவைதான் இவை. பாடப்புத்தக வரிசையை எதிர்பார்க்காதீர்கள். அளவு சொல்லும் இடங்களில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஊசியை ஏற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் ஏன் வைரஸிடம் வேலை செய்யாது?

பாக்டீரியாவுக்குச் சொந்த வீடு உண்டு. சுற்றுச்சுவர் உண்டு, உள்ளே புரதம் செய்யும் பட்டறை உண்டு. பென்சிலினும் செஃபலோஸ்போரினும் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் மூன்றும் பட்டறையில் கை வைக்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் அதன் மரபுச் சரடு பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலைப் போல நம் செல்லுக்குள் புகுந்து நம் பட்டறையிலேயே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதனால் ஆன்டிவைரல் மருந்து பெரும்பாலும் பெருகுவதை நிறுத்தத்தான் பார்க்கும். பெருகி முடிந்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு. 24 மணி, 48 மணி, 72 மணி என்று கீழே நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதனால்தான்.

மூன்று வேளை என்றால் சாப்பாட்டு வேளையா, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா?

எட்டு மணி நேரம். காலை 6, மதியம் 2, இரவு 10.

நாற்று வேர் பிடிக்கும்வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். காலையில் மடை திறந்து பாய்ச்சிவிட்டு இரண்டு நாள் காய விட்டால் மொத்தத் தண்ணீரின் அளவு சரியாக இருந்தும் பயிர் வாடும். பென்சிலின், ஆம்பிசிலின், பிப்பராசிலின், மெரோபெனெம் எல்லாம் அந்த ரகம். இரத்தத்தில் மருந்தின் மட்டம் குறிப்பிட்ட கோட்டுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. இரவு 10 மணி டோஸை "நோயாளி தூங்குகிறார், பாவம்" என்று காலை டோஸோடு சேர்த்துவிட்டால் நடு இரவில் வயல் காய்ந்துவிடும்.

அமிகாசின், ஜென்டாமைசின் கதை நேர் எதிர். ஒரே வீச்சில் மட்டம் உயர வேண்டும், பிறகு நன்றாக வடிய வேண்டும். வடியாமல் தேங்கினால் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் கேடு. ஆகவே அவற்றைப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே தடவை கொடுக்கிறார்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. இனி பயமில்லைதானே?

இல்லை, அப்படி நினைக்கவே கூடாது. முன்கையில் தோலுக்குள் 0.1 மில்லி போட்டு, பேனாவால் வட்டம் வரைந்து, 15 அல்லது 20 நிமிடம் பார்க்கிறோம். வாயலில் (ஊசி மருந்துப் புட்டியில்) இருக்கும் மருந்தையே கரைத்து இப்படிப் போடும் சோதனை செஃபலோஸ்போரின்களுக்கு நம்பகமான முன்னறிவிப்பு தருவதில்லை. உங்கள் மருத்துவமனை விதி போடச் சொன்னால் போடுங்கள். ஆனால் அதைவிடப் பெரிய சோதனை நீங்கள் கேட்கும் கேள்வி.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள், அந்தச் சொல் அவர்களுடையது இல்லை. "அண்ணே, முன்னாடி எப்பவாவது ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுதா? மூச்சு முட்டுச்சா? மயக்கம் வந்துச்சா? எந்த மாத்திரை தின்னா அரிக்கும்?" என்று கேளுங்கள். ஒரு முறை வயதான அம்மா ஒருவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கூட வந்த மருமகள்தான், "ஏ அத்தை, அந்த வெள்ள ஊசி போட்டு முகம் வீங்கி பட்டுக்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போனோமே" என்றாள். ஆகவே கூட வந்தவர்களையும் கேளுங்கள்.

முதல் டோஸ் சரியாகப் போய்விட்டது என்பதும் உத்தரவாதம் கிடையாது. மூன்றாவது நாள் டோஸில் அலர்ஜி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அலர்ஜி வந்துவிட்டால் முதலில் ஏவிலா, டெக்ஸாவா?

இரண்டும் இல்லை (ஏவில் அலர்ஜி அரிப்புக்கான மருந்து, டெக்ஸா ஸ்டீராய்டு). அட்ரினலின்.

மூச்சு இழுக்கிறது, பிரஷர் விழுகிறது, நாக்கு தடிக்கிறது என்றால் மருந்து போவதை நிறுத்துங்கள், ஆள் கூப்பிடுங்கள், நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விட முடியாதவர் உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். ஒரு மில்லியில் 1 மி.கி. இருக்கும் ஆம்ப்யூலிலிருந்து 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் திரும்பவும் போடலாம். தோலுக்கடியில் போடுவது பழைய பழக்கம், மெதுவாகத்தான் ஏறும். ஆக்சிஜன், சலைன் எல்லாம் கூடவே. ஏவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அப்புறம் போகட்டும், அவை உயிரைப் பிடித்து நிறுத்தும் மருந்துகள் இல்லை.

டியூட்டி ஏற்கும்போது எமர்ஜென்சி ட்ரேயில் அட்ரினலின் இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று பாருங்கள். பூட்டின அலமாரியில் இருக்கும் அட்ரினலின் இல்லாத அட்ரினலின்தான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வந்தாலே டாக்சிசைக்ளின் எழுதுகிறார்களே, ஏன்?

இந்த மண்ணைத் தெரிந்துகொண்டால் அந்தச் சீட்டு புரியும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வயலில் நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தஞ்சாவூர்க் கிட்டி என்று மூங்கிலில் எலிப்பொறி செய்து ஊர் ஊராய் வைக்கும் அளவுக்கு இங்கே எலி. அதன் சிறுநீர் சேற்றில் கலக்கிறது. அந்தச் சேற்றில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கும் பெண்களின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். லெப்டோஸ்பைரா கிருமி நுழைய அந்த வழி போதும். இதுதான் எலிக்காய்ச்சல்.

கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்பதோடு முடியாது. "போன ரெண்டு மூணு வாரத்துல வயல்ல, வாய்க்கால்ல இறங்கினீங்களா? நடவுக்குப் போனீங்களா? காலில் புண் இருந்துச்சா?" என்றும் கேட்க வேண்டும். கிருமி நுழைந்து காய்ச்சல் வர ஒன்று இரண்டு வாரம் ஆகும், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகலாம். நேற்றைய வேலையை மட்டும் கேட்டால் விட்டுவிடுவோம். கெண்டைக்கால் தசையை லேசாக அழுத்தினால் ஆள் துடிப்பார். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள். அப்போது சிறுநீர் அளவை மணிக்கு மணி எழுதுவது நம் வேலை.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். புதர், வரப்புப் புல், விறகுக்கட்டு இவற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். அது தொடை இடுக்கில், அக்குளில், மார்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். டாக்டர் வெளிநோயாளி அறையில் நூறு பேருக்கு நடுவே சேலையை விலக்கிப் பார்க்க முடியாது. திரை இழுத்துவிட்டு, குளிக்க வைக்கும்போதோ துணி மாற்றும்போதோ நாம்தான் பார்க்க முடியும். அந்த ஒரு பொருக்கைக் கண்டு சொன்னாலே பல பரிசோதனைகள் மிச்சம்.

இரண்டுக்கும் பொதுவான மருந்து டாக்சிசைக்ளின், 100 மி.கி. காலையும் இரவும், ஏழு நாள். ஆகவே முடிவு வருமுன்பே ஆரம்பிக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். எலிக்காய்ச்சல் கடுமையாகிவிட்டால் பென்சிலின் 15 லட்சம் யூனிட் ஆறு மணிக்கொருமுறை, அல்லது செஃப்ட்ரியாக்சோன். கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சியும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு (இரத்தக்குழாய்) வழி தருவது ஒற்றை மருந்தைவிட நல்லது என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. அதனால்தான் இப்போது சில கேஸ் ஷீட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். எழுத்துப்பிழை என்று நினைத்து ஒன்றை நிறுத்திவிடாதீர்கள்.

டாக்சி கேப்ஸ்யூலைக் கையில் கொடுக்கும்போது என்ன சொல்லி அனுப்புவது?

நிறையத் தண்ணீர், நிமிர்ந்து உட்கார், வெயில். இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

களைத்து வந்த ஆள் இரவில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே பாயில் சாய்வார். கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். மறுநாள் நெஞ்சு எரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்று திரும்பி வருவார். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இரண்டையும் கூடவே போடக் கூடாது, மருந்து உடம்பில் சேராமல் போய்விடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதால் தலையில் முண்டாசு, முழுக்கைச் சட்டை. நடவுக்குப் போகாதே என்று சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்?

குழந்தைக்குக் கொடுத்தால் பல் கறையாகும் என்ற பயத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கான குறுகிய கோர்ஸைத் தவிர்க்கும் வழக்கம் மாறி வருகிறது. டாக்டர் எழுதியிருந்தால் தாய்க்கு விளக்கிச் சொல்லிக் கொடுங்கள்.

எலிக்காய்ச்சலுக்கு பென்சிலின் போட்டு சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம். அலர்ஜியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிருமிகள் ஒரே நேரத்தில் மொத்தமாகச் செத்து உடையும்போது அவற்றின் கழிவால் நடுக்கம், காய்ச்சல், சற்றே பிரஷர் இறக்கம் வரும். ஜாரிஷ் ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். தடிப்பும் மூச்சிரைப்பும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் போர்வை, பாராசிட்டமால், சலைன், அடிக்கடி பிரஷர். டாக்டரிடம் சொல்லாமல் "பென்சிலின் அலர்ஜி" என்று சிவப்பு மையில் எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் அந்த ஆளோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

செஃப்ட்ரியாக்சோனையும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப்பையும் ஏன் சேர்க்கக் கூடாது?

என் தப்பையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓடிக்கொண்டிருந்த ஆர்.எல். டிரிப்பின் பக்கவழியில் செஃப்ட்ரியாக்சோனைச் செலுத்தினேன். டியூபுக்குள் வெண்மையாகத் திரிந்தது. சீனியர் சிஸ்டர் ஒரே எட்டில் வந்து கிளாம்ப்பை மூடி, செட்டையே கழற்றி எறிந்தார். திட்டவில்லை. "அதுல கால்சியம் இருக்குடி" என்றார், அவ்வளவுதான்.

ஆர்.எல்-இல் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்தால் அந்த மருந்து உப்பாகப் படியும். பச்சிளம் குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து உயிரிழப்பு நேர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆகவே பிறந்து 28 நாளுக்குள் கால்சியம் கலந்த எதுவும் நரம்பு வழி போகும் குழந்தைக்கு இது கூடவே கூடாது. பெரியவர்களுக்கு ஒன்றை நிறுத்தி, லைனைச் சலைனால் நன்றாகக் கழுவி, அப்புறம் மற்றது. 1 கிராம் வாயலை 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து, நரம்பில் 2 முதல் 4 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்துங்கள். தசையில் போட, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் கலந்து கரைத்த சிரிஞ்சை மறந்தும் நரம்பில் ஏற்றாதீர்கள்.

பென்சாத்தின் பென்சிலின் ஊசி ஏன் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது?

அது பால் போன்ற கலங்கல், நன்றாகக் குலுக்கி, தடிமனான ஊசியில், நிறுத்தாமல் போட வேண்டும். வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் போடுகிறோம். இழுத்துப் பார்த்து இரத்தம் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே தசையில் செலுத்துங்கள். இது நரம்பில் போனால் இதயம் நின்றுபோகலாம். வலிக்கும் என்பது உண்மை. இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடலாமா என்று அம்மா கெஞ்சுவார். கூடாது என்று சொல்லி, அடுத்த தேதியை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

அமிகாசின், வான்கோமைசின்: எதைக் கவனிக்க வேண்டும்?

அமிகாசின் போகும் நோயாளியிடம் தினமும் ஒரு வார்த்தை: "காதுல குயின்னு கேக்குதா? நடந்தா தள்ளாடுதா?" அப்புறம் சிறுநீர் அளவு, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை). வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியும் கூடப் போகிறதென்றால் டாக்டருக்கு நினைவூட்டுங்கள், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரு வழி பண்ணிவிடும். பென்சிலின் வகையோடு ஒரே சிரிஞ்சில், ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், அமிகாசின் செயலிழக்கும்.

வான்கோமைசின் 1 கிராம் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அவசரத்தில் அரை மணியில் ஓட்டினால் முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிக்கும். பெரும்பாலும் வேகத்தால் வருவது அது. நிறுத்தி, டாக்டரிடம் சொல்லி, அடங்கியதும் மெதுவாக ஓட்டலாம். மூச்சுத் திணறலும் பிரஷர் இறக்கமும் சேர்ந்தால் அது வேறு கதை, அட்ரினலின் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

மெட்ரோனிடசோல் போகும்போது குடித்தால் என்ன ஆகும்?

முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி, படபடப்பு. எல்லோருக்கும் வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருந்து முடிந்து இரண்டு மூன்று நாள்வரை மதுவைத் தொடக் கூடாது. மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்த மனிதரும் குடிப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார். மனைவியை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். வாயில் செம்புக் காசைச் சப்பின மாதிரி ருசி, சிறுநீர் கருஞ்சிவப்பு, இரண்டும் மருந்தால்தான் என்றும் சொல்லிவிடுங்கள்.

நோயாளி ஏற்கெனவே வேறு மாத்திரை சாப்பிடுகிறார். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

மஞ்சள் பையைத் திறந்து மெத்தையில் கொட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுபவருக்கு சிப்ரோ அல்லது லீவோஃப்ளாக்சசின் போனால் சர்க்கரை சட்டென்று விழலாம், பாராசூட் போடாமல் குதித்த மாதிரி. வியர்வை, நடுக்கம், உளறல் வந்தால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். குதிகால் தசைநாண் வலி என்று சொன்னால் சிப்ரோவை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் ஓடுங்கள், நாண் அறுந்துபோவது உண்டு. பால், கால்சியம், இரும்பு இவற்றோடு சிப்ரோ சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், சிப்ரோ எது சேர்ந்தாலும் இரத்தம் கசியலாம். பல் ஈறு, சிறுநீர், மலத்தின் நிறம் பாருங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்கு மெரோபெனெம் போனால் வால்ப்ரோயேட் மட்டம் தரைதட்டும், வலிப்பு திரும்பும். இந்தக் கடைசி ஜோடியை மறக்காதீர்கள், ஐ.சி.யூ-வில் அடிக்கடி சந்திக்கும்.

முதலில் கல்ச்சரா, முதலில் மருந்தா?

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. முதலில் அதற்கு இரத்தம் எடுத்துவிட்டு உடனே மருந்து. ஆனால் பிரஷர் விழுந்து கொண்டிருப்பவருக்கு கல்ச்சர் பாட்டிலைத் தேடி அரை மணி நேரம் கடத்தாதீர்கள். பெரியவருக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மில்லி. இரத்தக் கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, சிறுநீர் சாம்பிள் ஆய்வகம் போகத் தாமதமானால் அதைத்தான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குழந்தைக்கான பவுடர் சிரப்பை வீட்டில் எப்படிக் கரைக்கச் சொல்வது?

ஆறின கொதிநீர், கோடு வரைக்கும். பாதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மீதியைக் கோடு வரை விடச் சொல்லுங்கள். முடிந்தால் வார்டிலேயே கரைத்துக் காட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் முன்கூட்டியே கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து எழுதலாம். சமையலறை ஸ்பூனால் அளக்க வேண்டாம், மூடி அளவியோ சிரிஞ்சோ கொடுத்து விடுங்கள்.

அக்கி எழுதிக்கொண்டு வருகிறார்கள். என்ன செய்வது?

நம் பக்கத்தில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். அதைக் கண்டு முகம் சுளித்தால் அடுத்த தடவை நம்மிடம் வரவே மாட்டார்கள். நானும் அப்படிக் கேலி செய்து ஒருவரை இழந்திருக்கிறேன். அக்கி என்பது பழைய சின்னம்மை வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து மீண்டும் எழுவது. "எழுதிக்கிட்டீங்க, சரி. இந்த மாத்திரையையும் ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது. ஏசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள். காலை 7, 11, மதியம் 3, இரவு 7, 11 என்று மணியைச் சீட்டில் எழுதிக் கொடுக்காவிட்டால் மூன்று தடவையாகத்தான் போகும். வாலாசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை என்பது சுலபம், விலை சற்றுக் கூட.

மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். அன்றே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். கண்ணருகே காவி பூச வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

அம்மை போட்டிருக்கும் வீட்டில் மாத்திரை வேண்டாம் என்கிறார்களே?

"ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டியிருக்கும் வீட்டில் சண்டை போடாதீர்கள். வந்திருப்பது சின்னம்மை என்றால் ஆரோக்கியமான சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஏசைக்ளோவிர் தேவைப்படாது. பெரியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்குத்தான் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் விடும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் நிமோனியா, அப்போது மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டே வண்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது, பாராசிட்டமால் மட்டும். அம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி நர்ஸை அந்தக் கட்டில் பக்கம் அனுப்பாதீர்கள்.

ஏசைக்ளோவிர் நரம்பு வழி போடும்போது?

ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக் காய்ச்சலுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. எட்டு மணிக்கொருமுறை. ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரம் ஓட வேண்டும், சிரிஞ்சால் ஒரே மூச்சில் தள்ளும் புஷ் கிடையவே கிடையாது. வேகமாகப் போனால் சிறுநீரகக் குழாயில் படிகமாக உறையும். உடம்பில் நீர் இருக்க வேண்டும், சிறுநீர் வர வேண்டும். மருந்து காரத்தன்மை உள்ளது, வென்ஃப்ளான் என்னும் ஊசிக்குழாயிலிருந்து வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும்.

ஓசெல்டமிவிர் எப்போது?

இன்ஃப்ளூயன்சாவுக்கு, 48 மணி நேரத்துக்குள், 75 மி.கி. இரண்டு வேளை ஐந்து நாள். குமட்டினால் சாப்பாட்டோடு. கிட்னி சரியில்லாதவருக்கு அளவு குறையும். படுக்கையில் மோசமாக இருப்பவருக்கு 48 மணி கடந்தாலும் கொடுப்பார்கள். இளம் பிள்ளைகள் திடீரென்று உளறினால், விசித்திரமாக நடந்துகொண்டால் பக்கத்தில் ஆள் வேண்டும்.

டெங்குவுக்கு எந்த ஆன்டிவைரல்?

எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. பாராசிட்டமால், நீர்ச்சத்து, தட்டணு, வயிற்றுவலி, இரத்தக் கசிவு இவற்றைப் பார்ப்பதுதான் சிகிச்சை. காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆள் மோசமாவார், வீட்டுக்குப் போகிறேன் என்பார், விடாதீர்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி கேட்டால் கொடுக்கக் கூடாது.

கையில் ஊசி குத்திவிட்டது. என்ன செய்வது?

பதறாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 1000-க்கு 3, மருந்து சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, 28 நாள். முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் போனால் நல்லது, 72 மணி தாண்டினால் ஆரம்பிப்பதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி போடாதவருக்கு அதன் அபாயம் பல மடங்கு கூடுதல், அதனால் மூன்று தடுப்பூசியும் பயிற்சியில் சேரும்போதே போட்டுவிடுங்கள்.

ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான) மாத்திரை சாப்பிடுபவருக்கு எதைச் சொல்ல வேண்டும்?

நேரம் தவறக் கூடாது என்பதை அவர்கள் ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருப்பார்கள். ஆகவே அவர்களுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். கால்சியம், இரும்பு, வயிற்றெரிச்சல் மருந்து இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிர். மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டோலுடெக்ராவிர் இரண்டு வேளையாகும், அதை ஏ.ஆர்.டி. மையம் மாற்றிக் கொடுக்கும். வார்டில் சத்தமாக மாத்திரைப் பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் அவர் ஊர்க்காரர் இருப்பார்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி சாப்பிடுகிறார்கள். மருந்து வேண்டாமா?

ஹெபடைடிஸ் ஏ என்றால் ஓய்வு, உணவு, பெரும்பாலும் தானே சரியாகும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். பி என்றால் அந்தக் கதை வேறு. டெனோஃபோவிர், என்டெகாவிர் சிலருக்குப் பல வருஷம் போகும், திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வெடித்தெழும். என்டெகாவிர் வெறும் வயிற்றில். தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் பிறந்த குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும், தடுப்பூசியும். சி என்றால் 12 வாரத்தில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது, 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோஃபோஸ்புவிரும் டக்லாட்டாஸ்விரும் இலவசம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் இருந்தால் துடிப்பு வெகுவாகக் குறைந்து ஆபத்து.

முழு கோர்ஸ் முடிக்கச் சொல்கிறோம். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் தப்பா?

தப்பு. டாக்டர் எழுதிய நாட்களைப் பின்பற்றுங்கள் என்று சொல்லுங்கள். இப்போது பல நோய்களுக்குக் கோர்ஸ் குறுகிக்கொண்டே வருகிறது, ஆகவே பத்து நாள் சாப்பிட்டால்தான் தீரும் என்று நீங்களாக நீட்டவும் வேண்டாம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். வலுவான பல ஆன்டிபயாடிக்குகளும் டி.பி. மருந்துகளும் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் ஹெச்1 என்ற மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்து, கடைக்காரர் நோயாளியின் பெயரையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. நடைமுறையில் சந்துக் கடையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கோலிஸ்டினை மாட்டுக்கும் கோழிக்கும் இறால் குட்டைக்கும் விற்க 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. மனிதருக்கு அது கடைசிக் கையிருப்பு மருந்து. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் உங்கள் உறவினர் யாராவது இருந்தால் இதைச் சொல்லிவைக்கலாம்.

தேதி முடிந்த வாயல்களை என்ன செய்வது? வாய்க்காலில் கொட்டலாமா?

கூடாது. மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை. உடைந்த ஆம்ப்யூல் கண்ணாடி நீலப் பெட்டி, ஊசிமுனை வெள்ளைப் பெட்டி. வாயலைத் திறந்து சின்க்கில் ஊற்றிவிட்டு வெறும் புட்டியை மட்டும் பையில் போடுகிற பழக்கத்தை நான் பார்த்த எல்லா வார்டிலும் பார்த்தேன். அந்தச் சின்க்கின் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்னால் போய்ப் பாருங்கள், அநேகமாக ஒரு வடிகால் வாய்க்காலில்தான்.